கரண்டியோடு காகிதமும் வேண்டும்

பாரிட் புந்தார் வயல் சூழ்ந்த ஊர். களிமண் நிலத்தில் மதில் வெடிப்பதும் தரை இறங்குவதும் புதிதல்ல. கொத்து வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும், நான் அறிந்த கொத்தனார்கள் பலர் இன்னும் பிறரிடம் நாள் கூலிக்கே போகிறார்கள். ஏன்?

தனி வீட்டுக்காரருக்கு வாய்ச்சொல் போதும். தாமான் குடியிருப்பாளர் சங்கத்துக்குப் போதாது. சுற்றுமதிலுக்கும் காவல் சாவடிக்கும் அது செலவிடுவது பலருடைய சந்தாப் பணம். கூட்டத்தில் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே காகிதம் கேட்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சிஐடிபியில் குத்தகையாளராகப் பதிந்த சான்று, பொருளையும் கூலியையும் பிரித்தெழுதிய விலைப்பட்டியல், முடித்த வேலைகளின் படங்கள், மீண்டும் வெடித்தால் எத்தனை மாதம் பொறுப்பு என்ற எழுத்து உறுதி. இந்த நான்கும்தான் உண்மையான விளம்பரம் என்பேன்.

பதிவுக்குச் செலவும் அலைச்சலும் உண்டு. சிறிய வேலைகளுக்கான ஜி1 பிரிவிலிருந்து தொடங்கலாம்.

மாணவர்களே, மலாயும் கணினியும் உங்கள் கையில் இருக்கின்றன. வீட்டில் கொத்தனார் இருந்தால், அவருடைய அடுத்த விலைப்பட்டியலை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். அப்பாவின் தொழிலை விட்டு விலகுவதற்கு மட்டுமல்ல, அவரை முதலாளியாக்கவும் படிப்பு உதவும்.