திறப்பு இருக்கிறது, திறப்பவருக்குப் பயிற்சி இல்லை

எங்கள் பகுதியில் நூலகம் திறந்துவைப்பதற்கு ஒருபோதும் ஆள் பஞ்சம் இருந்ததில்லை. 2009இல் யுத்தம் ஓய்ந்த பின்னர் வன்னியில் வாசிகசாலைகள் புதிதாக எழுந்தன, பழையவை திருத்தப்பட்டன. நாடா வெட்டினார்கள். பெயர்ப்பலகைக்குத் திரை நீக்கினார்கள். கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் புத்தகப் பெட்டிகள் வந்து இறங்கின. கட்டடம் வந்தது, அலுமாரி வந்தது, புத்தகமும் வந்தது. அந்தப் புத்தகத்தை உரிய இடத்தில் வைத்து, கேட்பவர் கையில் எடுத்துக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்பது மட்டும் யாருடைய நினைவுக்கும் வரவில்லை.

பாடசாலை நூலகம் யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது? நேரசூசியில் மிஞ்சிப்போன ஆசிரியரிடம், அல்லது ஓய்வூதியத்துக்கு நாள் எண்ணுகிறவரிடம். சனசமூக நிலையத்தில் என்றால், உயர்தரம் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் ஒரு பிள்ளையிடம். கையில் ஒரு திறப்பையும் மற்றக் கையில் ஒரு தும்புத்தடியையும் கொடுத்து, “பிள்ளை, பத்திரமாகப் பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பிள்ளையும் பத்திரமாகத்தான் பார்க்கிறாள். புத்தகம் தொலைந்தால் தன் தலையில் விழும் என்று அலுமாரியைப் பூட்டிவைக்கிறாள். அவளைக் குறை சொல்ல நமக்கு என்ன அருகதை இருக்கிறது?

இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுக்க என்னை ஆசிரிய கலாசாலைக்கு அனுப்பிப் பயிற்றினார்கள். ஊசி போட, பேருந்து ஓட்ட, தையல் பழக்க எல்லாவற்றுக்கும் பயிற்சி கேட்கிற சமூகம், ஒரு ஊரின் அறிவுச் சொத்தைப் பராமரிக்க மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்கிறது. வருடா வருடம் ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வருகிறது. பதாகை கட்டி, பேச்சுப் போட்டி வைத்து, வாசிப்பின் மகிமையை மேடைகளில் முழங்குகிறோம். நவம்பரில் மாரி மழை தொடங்கும்போது கூரை ஒழுகி நனையும் புத்தகத்தை எப்படி உலர்த்துவது என்று கேட்டால் மேடையில் முழங்கிய எவருக்கும் தெரியாது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924இல் எஸ். ஆர். ரங்கநாதனைத் தன் நூலகராக நியமித்தபோது அவர் ஒரு கணித ஆசிரியர். ஆனால் அவரை அப்படியே கதிரையில் இருத்திவைக்கவில்லை. இலண்டனுக்கு அனுப்பிப் பயிற்றினார்கள். திரும்பி வந்தவர், தாம் பெற்ற பயிற்சி மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று 1929இலேயே சென்னையில் நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். யாழ்ப்பாணப் பொது நூலகம் உருவானபோது அதற்கு ஆலோசனை சொன்னவரும் அவரே. நமக்கு முன்மாதிரி இல்லை என்று சொல்வதற்கு இடமில்லை.

பயிற்சி என்றதும் பெரிய பட்டம் ஒன்றைக் கேட்பதாக யாரும் மிரள வேண்டாம். கிராமத்து நூலக உதவியாளருக்குத் தெரிய வேண்டியவை சில. வந்த புத்தகத்தைச் சேர்வுப் பதிவேட்டில் எழுதுவது. பொருளறிந்து பகுப்பிலக்கம் இடுவது. நூற்பட்டியல் தயாரிப்பது. இரவல் கொடுத்து, திரும்பப் பெறுவது. கறையானிலும் பூச்சியிலும் ஈரத்திலும் இருந்து நூலைக் காப்பது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளையை உள்ளே அழைப்பது.

சின்ன வேலைகள்தான். ஆனால் இவை நடக்காத இடத்தில் என்ன நடக்கிறது? நான் பார்த்த ஒரு வாசிகசாலையில் நூல்களை உயரப்படி அடுக்கியிருந்தார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. சீறாப்புராணம் சட்டப் புத்தகத்துக்கும் சமையற் புத்தகத்துக்கும் நடுவில் நின்றது. தூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்றும் நபிகளாரின் வாழ்வுக்கு 297.63 என்றும் தனித்தனி இடம் இருக்கிறது. உமறுப் புலவரை எங்கே வைப்பது என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்த பின் மற்ற இடத்தைத் தேடி வருபவருக்கு வழிகாட்டும் அட்டை ஒன்றும் எழுத வேண்டும். 1876இல் வெளிவந்த அந்தப் பகுப்பு, மதங்களுக்குரிய இலக்கங்களிற் பெரும்பகுதியைக் கிறிஸ்தவத்துக்குக் கொடுத்துவிட்டு மற்ற மதங்களையெல்லாம் 290க்குள் நெருக்கிவைத்திருக்கிறது. அந்த நெருக்கடிக்குள் நமது நூல்களை இடமறிந்து வைக்க, வகுப்பில் உட்கார்ந்து பழகியவராலேயே முடியும்.

முஸ்லிம் இலக்கிய அன்பர்களே, இனிச் சொல்வது உங்கள் வீட்டுச் சங்கதி. ஓர் எழுத்தாளரின் பெயரை எந்த எழுத்தின் கீழ்ப் பதிவது? இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வுக்கு ஆயுளைக் கொடுத்த பேராசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலில் ம. முகம்மது உவைஸ், இன்னொன்றில் ம. மு. உவைஸ், வேறோரிடத்தில் எம். எம். உவைஸ். பயிற்சியற்ற கை இதை மூன்று மனிதர்களாக்கி, ‘ம’விலும் ‘மு’விலும் ‘எ’யிலும் பதிந்துவிடும். முஹம்மது, முகம்மது, மொஹமட் என்று ஒரே பெயருக்கு நாம் வைத்திருக்கும் எழுத்துக்கூட்டல்கள் எத்தனை! ஆங்கில முதலெழுத்து மூன்று நான்கைத் தாங்கி நிற்கும் பெயர்கள் எத்தனை! ஒரே பெயரில் எழுதும் இருவரைப் பிரித்தறிவது எப்படி? நிலையான பெயர் வடிவம் ஒன்றைத் தெரிந்து, மற்ற வடிவங்களிலிருந்து அதற்குப் பார்வைக் குறிப்பு இடுவது பட்டியலாக்கத்தின் அரிச்சுவடி. அது நடக்காததால், நூல் இருந்தும் இல்லை என்ற பதிலோடு ஆய்வாளர் திரும்பிப் போகிறார். அரபுத்தமிழ்க் கிதாபுகளின் நிலை இன்னும் மோசம். எழுத்து அரபு, மொழி தமிழ் என்பது தெரியாதவர் அதை அரபு நூலென்று ஒதுக்கிவைப்பார். அரபு படித்தவர் எடுத்துப் பார்த்துவிட்டு விளங்கவில்லையென்று மூடிவைப்பார். இரண்டுக்கும் நடுவில் அது செல்லரித்துப் போகும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நாம் மறப்பதில்லை, மறக்கவும் கூடாது. சுமார் 97,000 நூல்கள் என்று ஒரு தொகை சொல்கிறோம். அப்படியொரு தொகையைச் சொல்ல முடிவது அங்கே நூல்களை எண்ணிப் பதிந்தவர்கள் இருந்தபடியால்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, வற்றாப்பளைக்கு அயலிலுள்ள தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் வீடுகளில், மத்ரஸாக்களில் இருந்த கிதாபுகள் எத்தனை? 2009இல் இந்த நந்திக்கடற்கரையில் சனங்கள் உடுத்த துணியோடு ஓடியபோது கைவிட்ட நூல்கள் எத்தனை? தொகை சொல்ல ஆளில்லை. பதிவேடு இல்லாத நூலகத்தின் அழிவுக்குச் சாட்சி கிடையாது. அதற்கு நினைவுநாளும் வராது.

“இது கைத்தொலைபேசிக் காலம், எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது நூலகருக்கு ஏன் பயிற்சி?” என்று சிலர் கேட்கிறார்கள். இணையத்தில் தானாக எதுவும் முளைப்பதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இன்று ஈழத்து நூல்களைத் தேடி எடுக்க முடிகிறதென்றால், யாரோ ஒருவர் தலைப்பையும் ஆசிரியரையும் ஆண்டையும் சரிபார்த்துப் பதிந்ததனால்தான். ஈழத்துத் தமிழ் நூல்களைத் தொகுதிக்கு ஆயிரமாகப் பதிந்துவரும் ‘நூல் தேட்டம்’ 2002இல் தொடங்கியது. அதைத் தொகுக்கும் என். செல்வராஜா நூலகத்துறையில் வந்தவர் என்பதைக் கவனியுங்கள். ஒரு தனிமனிதர் இவ்வளவு செய்ய முடிந்ததற்கு ஆர்வம் ஒரு காரணம், பயிற்சி மறு காரணம்.

“பயிற்சிதான் இருக்கிறதே” என்பார்கள். உண்மை. 1960இல் உருவான இலங்கை நூலகச் சங்கம் தமிழிலும் பயிற்சிநெறி நடத்துகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் 1999 முதல் இருக்கிறது. ஆனால் சொற்பக் கொடுப்பனவு வாங்கும் வற்றாப்பளைப் பிள்ளை பஸ் கட்டணத்துக்கும் தங்குமிடத்துக்கும் எங்கே போவாள்? முடித்து வந்தாலும் அந்தச் சான்றிதழ் அவளை நிரந்தரமாக்குமா? ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்பதால் மேட்டுக்காணிப் பயிர் நனைந்துவிடாது. வாய்க்கால் வெட்ட வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். பிரதேச சபைகள் நூலகத்துக்குக் கட்டட ஒதுக்கீடு செய்யும்போது ஆளைப் பயிற்றவும் ஒரு பங்கு ஒதுக்கட்டும். முல்லைத்தீவிலும் புத்தளத்திலும் பத்துச் சனிக்கிழமைகளில் முடியும் தமிழ்மொழிப் பயிற்சி ஒன்று நடக்கட்டும். அதன் சான்றிதழ் ஆட்சேர்ப்பில் புள்ளி பெறட்டும். பாடசாலை நூலகத்துக்குப் பொறுப்பானவருக்கு அதற்கான பாடவேளை நேரசூசியில் எழுதப்படட்டும்.

எழுத்தாளர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆண்டும் வெளியீட்டாளர் பெயரும் இல்லாமல் நூலை அச்சிடுவதை நிறுத்துங்கள். தேசிய நூலகத்தில் சர்வதேச நியம நூல் இலக்கம் பெறுங்கள். உங்கள் பெயரை ஒரே வடிவில் எழுதுங்கள். நமது இலக்கிய ஏடுகள் முஸ்லிம் எழுத்தாளர்களின் நிலையான பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தொகுத்துத் தரட்டும். ஊர் நூலகங்களுக்கு அதைவிடப் பெரிய நன்கொடை இல்லை. வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்கும் புரவலர் அந்தக் காசில் ஒரு பிள்ளையின் பயிற்சிச் செலவை ஏற்கட்டும். அப்படிப் பயின்ற பிள்ளை ஒருத்தி இருந்தால்தான், நீங்கள் அன்பளிப்புச் செய்த நூல் பத்து வருடத்தின் பின்னும் ஒரு வாசகன் கைக்குப் போகும்.

புத்தகத்தை எரிப்பவனுக்கு நெருப்பு வேண்டும். பூட்டிவைப்பவனுக்கு அதுகூட வேண்டியதில்லை.