தண்டிக்கும் முன் ஆளையும் பாருங்கள்

கொலைச் செய்தி ஒன்று நாளேட்டில் வந்ததும் "தூக்கில் போடு" என்ற குரல் எழுகிறது. பறிபோன உயிருக்காகப் பதறும் நெஞ்சின் குரல் அது. அதை நாம் பழிக்கவில்லை. உயிரைப் பறிகொடுத்த குடும்பமும் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஏழைக் குடும்பமே. ஆயினும் கூண்டில் நிற்பவன் யார், எப்படி வளர்ந்தான், அவன் அறிவும் மனமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேளாமலே தண்டனையை எழுதிவிடலாமா?

சித்த சுவாதீனம் இல்லாமல், தான் செய்வது இன்னதென்றோ தவறென்றோ அறிய முடியாத நிலையில் செய்தது குற்றமாகாது என்பது சட்டம். 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 84-வது பிரிவாக இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவாகத் தொடர்கிறது. ஆனால் அந்த வாசல் மிகக் குறுகியது. மெய்ப்பிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவன் தலைமீதே. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவனும், சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டபின் குணம் மாறியவனும் பெரும்பாலும் அதில் நுழைய முடிவதில்லை. அவர்கள் குற்றவாளிகள் என்றே தீர்ப்பாகிறது. அப்படியானால் தண்டனையின் அளவிலாவது அந்தக் குறை கணக்கில் வரவேண்டாமா?

வரவேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1980-இல் பச்சன் சிங் வழக்கில், குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்றது. 2014 ஜனவரியில், நம் தமிழகத்தவரான தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு 15 பேரின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தபோது, மனநோயையும் குறைப்புக்குரிய காரணமாக ஏற்றது. 2022-இல் மனோஜ் வழக்கில், தூக்குக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் கைதியின் மனநல ஆய்வறிக்கையையும் குடும்ப, கல்வி, பொருளாதாரப் பின்னணியையும் விசாரணை நீதிமன்றம் கேட்டுப் பெறவேண்டும் என்றது.

தூக்குக் கொட்டடியில் இருப்பவர் யார்? டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வு, நான்கில் மூவர் வறியவர் என்றது. அதே பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சோதிக்கப்பட்ட 88 கைதிகளில் நூற்றுக்கு 62 பேருக்கு மனநோய் இருந்தது. 11 பேருக்கு அறிவு வளர்ச்சிக் குறை. பசியும் அடியும் பள்ளியில்லாப் பிள்ளைப் பருவமும் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இதில் இன்னொரு துன்பமும் உண்டு. நீதிமன்றம் இங்கே, பிள்ளையைப் பற்றிச் சொல்லக்கூடிய தாயும் வாத்தியாரும் வைத்தியரும் அங்கே. வக்கீலிடம் பேச மொழியில்லை. அவன் கதை நீதிபதியின் காதுக்குப் போகாமலே தீர்ப்பு எழுதப்படுகிறது.

ஆகவே நாம் கோருவது: தூக்கு வழக்குகளுக்கு மட்டுமின்றி, ஆயுள் தண்டனைக்குரிய எல்லா வழக்குகளுக்கும் மனநல அறிக்கையும் பின்னணி அறிக்கையும் கட்டாயமாக்கப்பட வேண்டும், கைதியின் மொழி அறிந்தவர் உடனிருக்க வேண்டும், சிறையில் வைத்தியம் கிடைக்க வேண்டும். இது கொலைக்கு வக்காலத்தன்று. ஊருக்கு ஆபத்தானவனை அடைத்து வைக்கத்தான் வேண்டும். அடைத்தவனுக்குச் சிகிச்சை தராமல் விடுவதால் எவருக்கும் பாதுகாப்பு வந்துவிடாது.

உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் மனம் பேதலித்தவர் இருந்தால் மறைக்காதீர்கள். 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியோடு வெந்து மடிந்தவர்களை மறக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவது 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். காவலில் இருப்பவருக்கும் மனநோயாளிக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. 15100 எண்ணில் கேளுங்கள். பிறகு சங்கத்துக்கு வாருங்கள். வெட்கப்பட்டு ஒதுங்கினால், பேச நாதியற்றவன்தான் முதலில் பலியாவான்.