நூறு மீட்டர்

பல்லாவரம் என்றதும் வரலாறு படித்தவர்கள் 1863 மே 30ஐச் சொல்வார்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த நாள். அந்தப் புகழின் நிழலில் அதே ஊரின் ஈமக்காடு மங்கிப்போயிற்று. கோடரிக்காரருக்கும் இங்கே புதைக்கப்பட்டவர்களுக்கும் இடையே லட்சக்கணக்கான ஆண்டுகள். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் மேடைப் பேச்சுகளுக்கு மட்டும் குறைவில்லை.

ஈமக்காட்டு மக்கள் இரும்புக் காலத்தவர். 1880களில் அலெக்சாண்டர் ரீ இங்கே சுடுமண் ஈமப்பேழையைத் தோண்டி எடுத்தார். தொட்டி போன்ற உடல், மேலே மூடி, அடியில் வரிசை வரிசையாகக் குட்டைக் கால்கள். போனவர் எங்கேயாவது நடந்துவிடுவார் என்று நினைத்தார்களோ என்னவோ! அந்த மண்ணின் மேல்தான் இன்று மாடி வீடுகளும் தண்ணீர் லாரிகளும் விமான இரைச்சலும்.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது. 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து நூறு மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. அதற்கப்பால் இருநூறு மீட்டருக்கு அனுமதி வேண்டும். மீறினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் இதே நூறு மீட்டர்தான். கோயிலுக்கு மதில் இருக்கிறது. எங்கிருந்து அளப்பது என்று தெரியும். மண்ணில் புதைந்த ஈமத்தாழிகளுக்கு ஏது மதில்? ஒரு தெருவின் அடியில் இருக்கலாம், அடுத்த தெருவில் இல்லாமலும் போகலாம். சீட்டுக் கட்டி மனை வாங்கியவர், மகன் கல்யாணத்துக்கு முன் ஓர் அறை கட்ட நினைத்தால் இந்த அளவுகோலில் முட்டிக்கொள்கிறார். தன் வீட்டடியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கட்டாதே என்று மட்டும் சொன்னார்கள்.

தடையை நீக்கச் சொல்லவில்லை. நீக்கினால் ஒரே கோடையில் பொக்லைன் எல்லாவற்றையும் வழித்துவிடும். ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் அதனதன் தன்மைக்கேற்ற துணைவிதிகள் வகுக்க அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. நிலத்தடியை முறையாக ஆய்ந்து, தாழி இருக்கும் மனை எது, இல்லாத மனை எது என்று வரைபடம் போட்டு மாநகராட்சியிலும் பதிவு அலுவலகத்திலும் ஒட்டட்டும். வீட்டை இழப்பவருக்கு ஈடு கொடுக்கட்டும். கிடைத்ததை அந்த ஊரிலேயே ஒரு கூடத்தில் வைக்கட்டும். அதுவரை பல்லாவரத்துக்காரர் தொல்லியல் துறையை ஏசினால், அவரைப் பண்பாட்டுப் பகைவர் என்று எழுத இந்த இதழ் தயாரில்லை.