கூலியில்லாக் கைகள்



அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 2008-ஆம் ஆண்டு இளம் விவசாயிகள் சிலர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. பிறர் பண்ணைகளில் தொழில் கற்றவர்கள். முதல் நாளில் ஒரு பண்ணையில் கூடிச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்டினார்கள். பின்னர் மாதந்தோறும் ஒரு சிறு பண்ணையில் கூடினார்கள். ‘கிராப் மாப்’ என்று பெயர்பெற்ற அந்தக் கூட்டத்தில் கூலி கிடையாது. அழைத்தவர் உணவளிப்பார், அனைவரும் சேர்ந்து உண்பார்கள்.

கூலி ஏன் இல்லை? பணம் கைமாறியவுடன் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. உறவும் பெரும்பாலும் அத்துடன் தீர்ந்துவிடுகிறது. கூலியில்லா உழைப்போ, ‘இன்று என் வயலில் குனிந்தவருக்காக நாளை நான் குனிய வேண்டும்’ என்ற இனிய கடனை மனதில் விட்டுச்செல்கிறது. அந்தக் கடனே தனித்தனியே உழைத்தவர்களைச் சமூகமாக்கியது.

போவாஸின் வயலில் அந்நியப் பெண்ணாகிய ரூத் அறுக்கிறவர்களின் அருகே உட்கார்ந்து உண்டதை நினைத்துப் பாருங்கள். வயலில் பகிர்ந்த உணவு அந்நியரையும் உறவாக்குகிறது.

உதவி செய்ய நாம் ஆயத்தமாயிருக்கிறோம், கேட்பதற்கோ வெட்கப்படுகிறோம். களை மண்டிய தம் நிலத்தைப் பிறர் காண மனமுள்ளவரே அக்கூட்டத்தை அழைக்க முடியும். ஆலயத்தில் ஆண்டுக்கணக்காக அருகருகே அமர்ந்தும், ஒருவர் பாரத்தை மற்றவர் அறியாதிருப்பது இந்த வெட்கத்தினால் அல்லவா?

இந்த வாரம் உங்களால் தனியே முடியாத ஒரு வேலைக்கு ஒருவரை அழையுங்கள். அவரோடு உண்ணுங்கள். அவர் அழைக்கும் நாளில் தவறாமல் செல்லுங்கள்.