சோம்பல் அல்ல தோழரே, சோர்வு

பிள்ளைகளைப் பற்றிப் பேச பாடசாலைக்கு வரும் தகப்பன்மார் சிலர் வாங்கில் இருந்தபடியே கண்ணயர்வதைப் பார்க்கிறோம். கங்காணி அவர்களைச் சோம்பேறி என்கிறார். வீட்டிலும் அதே பேச்சுதான். நாங்கள் அதை ஏற்கவில்லை.

2021இல் 1,000 ரூபாயான நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ஆனது. நடுவில் மாவும் பருப்பும் ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். கடனும் கவலையும் ஓயாவிட்டால் உடம்பில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் கூடிக்கொண்டே இருக்கும். அது நெடுநாள் கூடியிருந்தால் டெஸ்டெஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோன் குறையலாம். அதுவோ பெரும்பாலும் நித்திரையில் ஊறுவது. ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுத்து, பெரட்டுக்கு விடியுமுன் எழும்புகிறவருக்கு நித்திரை ஏது? தூங்கப் போடும் சாராயம் இருக்கிற நித்திரையையும் கெடுக்கிறது. (பெண்களின் இரட்டைச் சுமையைத் தனியே எழுத வேண்டும்.)

'ஆண்மை' லேகியத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதியுங்கள். சீனி வியாதி, இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு எதுவும் இதே அசதியைத் தரும்.

தோட்டத்து கிளினிக் தாய்க்கும் சேய்க்கும் நடக்கிறது, நல்லது. ஆம்பிளையோ கை வெட்டுப்பட்டால்தான் டிஸ்பென்சரி படியேறுகிறார். மாதம் ஒருநாள் ஆண்களுக்கும் வைத்தியர் வர வேண்டும், அன்றைய பேரும் வெட்டப்படக்கூடாது. தலைவர்மாரே, அடுத்த முறை துரையிடம் கொடுக்கும் கோரிக்கைக் கடிதத்தில் இதையும் எழுதுங்கள்.