சட்டம் வகுத்தவர்க்கு வாக்கில்லை



கற்றவன் தேர்தலில் நிற்பது தகுமா என்று நம்மவர் இன்றும் வினவுகின்றனர். நின்றால் அவனை வெல்லவிடுவோர் யார் என்பதே உரிய வினா. அம்பேத்கர் வாழ்க்கை அதற்குச் சான்று.

கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளியல் கற்று முனைவரானவர், வழக்குரைஞராகவும் தேர்ந்தவர். 1928-இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியரானார். 1935-இல் அதன் முதல்வர். அவ்விருக்கையே போதும் என்று அமர்ந்திருந்தால் ஓய்வூதியத்தோடு ஒதுங்கியிருக்கலாம். (நம்முள் பலர் செய்வது அதுதானே!) அவரோ 1936-இல் தனித் தொழிலாளர் கட்சி கண்டார், 1937-இல் பம்பாய்ச் சட்டமன்றம் புகுந்தார். பின்னர் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர், சட்ட அமைச்சர்.

அத்தகையவர் 1952-இல் பம்பாய் வடக்கில் நாடாளுமன்றத்திற்கு நின்றார். ஈருறுப்பினர் தொகுதி, ஓரிடம் ஒடுக்கப்பட்டோர்க்குரியது. பேராயக் கட்சி நிறுத்திய காச்ரோல்கரிடம் ஏறத்தாழ 14,500 வாக்கில் தோற்றார். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வியே.

ஏன்? இடம் ஒடுக்கப்பட்டோர்க்கு, ஆனால் ஆளைத் தெரிவதோ தொகுதி முழுவதும். தனிவாக்குரிமையை அவர் கேட்டது இதனை அஞ்சியே. 1932-இல் காந்தியார் உண்ணாநோன்பிருக்க, பூனா ஒப்பந்தத்தில் அதனை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. இருபதாண்டு கழித்து அவ்வச்சம் அவர் தலையிலேயே விடிந்தது.

அதே 1952-இல் நம் திண்டிவனமும் ஈருறுப்பினர் தொகுதியே. சட்டம் பயின்ற திருக்குறளார் வீ. முனிசாமியை இம்மக்கள் நாடாளுமன்றம் அனுப்பினர். குறளறிந்தவனுக்கு வாக்களிக்கத் தெரிந்த மண் இது! இன்று பொம்மையார்பாளையம் அடங்கிய வானூர்த் தொகுதியும் விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதிகள். வேட்பாளரைப் பொறுக்குவதோ கட்சித் தலைமை. அவர் கற்றவரா என்பதினும் அடங்குவாரா என்பதே அங்கே அளவுகோல். 1985-இன் கட்சித்தாவல் தடைச்சட்டம் வந்தபின், கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியே பறிபோகலாம்.

அம்பேத்கர் அடங்காதவர். 1955-இல் மொழிவழி மாநிலங்கள் பற்றி எழுதியபோது மாநிலங்களுக்கும் இந்தியே ஆட்சிமொழியாதல் வேண்டும் என்றார். அது நமக்கு ஒருபோதும் உடன்பாடன்று. ஆயின் வடபுல மேலாண்மை தென்னாட்டை அழுத்தும் என்றும், உத்தரப்பிரதேசத்தை மூன்றாகப் பகுக்கவேண்டும் என்றும் அதே நூலில் எழுதினார். ஆட்சியார்க்கு உவக்குமா, நமக்கு உவக்குமா என்று பாராமல் பேசிய நா அது.

வாக்குக் கேட்டு வருவோரை நாம் திண்ணையிலேயே நிறுத்தி வினவவேண்டும்: ஐயா, எந்தச் சட்ட வரைவை நீர் முழுதும் படித்தீர்? எதனை எதிர்த்து வாய்திறந்தீர்?