பங்குக் கடையும் பெறுநரும்

கணவர் இறந்தபின் பங்காளி கடையை நடத்துகிறார். கணக்கு மட்டும் காட்டுவதில்லை. சகோதரிகள் பலர் சொல்லும் குறை இது.

வேறு உடன்பாடு இல்லாவிடில், பங்காளி ஒருவரின் மரணத்தோடு பங்கு வியாபாரம் கலைந்துவிடும். வழக்கு முடியுமுன் சரக்கும் பணமும் கரைந்துவிடும் என்றால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 671ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றம் ‘ரிசீவர்’ எனும் பெறுநரை நியமிக்கலாம். அவர் உங்கள் ஆளுமல்ல, பங்காளியின் ஆளுமல்ல. பிணை வைத்துப் பொறுப்பேற்று, வரவுசெலவை நீதிமன்றுக்கு ஒப்புவிப்பார். பங்கைத் தீர்மானிப்பது நீதிமன்றமே. அவரது கூலி பொதுவாக அந்தச் சொத்திலிருந்தே போகும். சின்னப் பெட்டிக்கடைக்கு இது கட்டுப்படியாகாது.

முதலில் ஒப்பந்தப் பத்திரத்தைத் தேடுங்கள். மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்பட்டால் பங்குடைமையை நிலைநாட்ட ஒப்பமிட்ட எழுத்து வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம். (இன்று 1,000 ரூபாவுக்கு ஒரு மூட்டை அரிசிகூட வராது!) இடப்பெயர்வில் அது தொலைந்திருந்தால், பிரதி ஏதும் உண்டா என்று பாருங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு, வங்கிப் புத்தகம் எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள்.